நூலகத்துக்கு எல்இடி லைட்: டியூப்பை மட்டும் மாத்தினா போதுமா?

படிப்பகம்82:
வணக்கம் நண்பர்களே. எங்க ஊர் கிளை நூலகத்துக்கு வாசகர் வட்டம் சார்பா லைட் மாத்திக் குடுக்கலாம்னு இருக்கோம். இப்ப 24 டியூப் லைட் இருக்கு, எல்லாமே பழைய நாலடி டியூப், இரும்பு சோக்கு, ஸ்டார்ட்டர் போட்டது, பாதி மினுக்குது, சிலது எரியறதே இல்ல. சாயந்திரம் ஆயிட்டா ரேக்குல கீழ்த்தட்டுல என்ன புக் இருக்குன்னு மொபைல் டார்ச் அடிச்சுதான் பாக்கணும். குரூப் 4 படிக்கிற பசங்க ஜன்னலோர சேருக்கு சண்டை போட்டுக்கிறாங்க. கையில 15,000 ரூபா சேர்ந்திருக்கு. கடைக்காரர் பழைய பட்டியிலேயே (டியூப் மாட்டுற ஃப்ரேம்) எல்இடி டியூப் மாட்டிக்கலாம், 24 எடுத்துட்டுப் போங்கன்றார். அது சரிவருமா, எத்தனை வாட்ஸ் வாங்கணும், கரண்ட் எவ்ளோ மிச்சமாகும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வயர்மேன்_திண்டுக்கல்:
மிச்சக் கணக்கு ஈஸி சார். 36 வாட்ஸ் டியூப்னு எழுதியிருந்தாலும் இரும்பு சோக்கு தனியா 10 வாட்ஸ் பக்கம் இழுக்கும், ஆக ஒரு செட் 46. 20 வாட்ஸ் எல்இடி போட்டா ஒண்ணுக்கு 26 வாட்ஸ் மிச்சம், 24க்கு 624 வாட்ஸ். நாளைக்கு 8 மணி நேரம், வருஷம் 300 நாள் எரியுதுன்னு வச்சா 1,500 யூனிட் கிட்ட வரும். யூனிட் 8 ரூபான்னு போட்டாலும் 12,000 ரூபா, அதாவது போட்ட காசு ஒண்ணே கால் வருஷத்துல திரும்பிடும்.

ஆனா பழைய பட்டியில அப்படியே மாட்டுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெரும்பாலான எல்இடி டியூப்புக்கு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழட்டிட்டு நேரா லைன் குடுக்கணும், அதுலயும் சில டியூப்புக்கு ஒரே முனையில லைனும் நியூட்ரலும், சிலதுக்கு ரெண்டு முனையில. நாளைக்கு யாராவது தெரியாம அந்த பட்டியில பழைய டியூப்பை சொருகினா பட்டுனு போயிடும். ரெண்டு முனை டைப்புல ஒரு பக்கம் மாட்டிட்டு இன்னொரு பக்கம் பின்னுல கை வச்சா ஷாக்கும் அடிக்கும். பட்டி துருப்பிடிச்சிருந்தா ஹோல்டரும் லூசாதான் இருக்கும், எதுக்கு வம்பு, முழு பேட்டனாவே (லைட்டும் பட்டியும் ஒண்ணா சேர்ந்த செட்) வாங்குங்க, 20 வாட்ஸ் நல்ல கம்பெனி பேட்டன் 300 ரூபா சுமாருக்கு கிடைக்கும். டப்பாவுல வாட்ஸை மட்டும் பாக்காதீங்க, லூமன் (எவ்ளோ வெளிச்சம் குடுக்கும்ங்கிற அளவு) பாருங்க, 20 வாட்ஸுக்கு 2,000 இருக்கணும். உங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்குமா? அப்படின்னா சர்ஜ், அதாவது திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தாங்குற டிரைவர் (எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் குடுக்கிற சர்க்யூட்) உள்ளதா கேட்டு வாங்குங்க, எல்இடி சிப்பு சாகறதுக்கு முன்னாடி டிரைவர்தான் சாகும்.

ஓய்வு_நூலகர்:
தம்பி, எல்லாரும் கரண்ட் கணக்கே பேசுறீங்க, பில்லு நீங்க கட்டப்போறதில்லையே. கரண்ட் பில் மாவட்ட நூலக ஆணைக்குழு கணக்குல போகும், அந்தக் காசு சொத்து வரியோட சேத்து ரூபாய்க்கு 10 பைசான்னு வசூலாகுற நூலக வரியில இருந்து வருது. அதனால மிச்சமாகிற பணம் உங்க நூலகத்துக்கே புக்கா வரும்னு கணக்கு போட்டுடாதீங்க. வெளிச்சம் நல்லா இருக்கணும்னு மாத்துங்க.

வெளிச்சத்துக்கு எண்ணிக்கை முக்கியமில்ல, இடம்தான் முக்கியம். நான் வேலை பாத்த எல்லா கிளையிலயும் இதே கதைதான், கட்டடம் கட்டுறப்ப ஹால் காலியா இருக்கும், எலெக்ட்ரீஷியன் சுவத்துலயும் சீலிங்லயும் சமமா டியூப் மாட்டிட்டுப் போயிருவார், அப்புறம் புக்கு சேரச்சேர ரேக்கு வந்து நிக்கும், கடைசில டியூப்பெல்லாம் ரேக்கோட தலைக்கு மேல தூசிக்குத்தான் வெளிச்சம் அடிக்கும். புது லைட்டையும் அதே ஆணியில மாட்டினா வாட்ஸ் குறையும், கீழ்த்தட்டு இருட்டு அப்படியேதான் இருக்கும். ரெண்டு ரேக்குக்கு நடுவுல நடக்கிற சந்து இருக்கில்ல, அதுக்கு நேர் மேல, சந்தோட நீளவாக்குல லைட் வரணும், அப்பதான் ரெண்டு பக்கமும் புக்கோட முதுகுல வெளிச்சம் விழும்.

இன்னொண்ணு, மாவட்ட நூலக அலுவலருக்கு லெட்டர் குடுத்து அனுமதி வாங்கிட்டு கை வைங்க. குடுக்கிற பொருளை நூலகர் இருப்புப் பதிவேட்டுல ஏத்தணும். கழட்டின பழைய பட்டியை காயலாங்கடைக்கு போட்டுடாதீங்க, அது அரசாங்க சொத்து, முறைப்படி கழிவு பண்ணணும். பழைய டியூப்புக்குள்ள பாதரசம் இருக்கு, உடைக்காம அட்டைப்பெட்டியில வச்சு மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுங்க.

குரூப்2_கனவு:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை!! மேசைக்கும் அதேதான். எங்க ஊர் நூலகத்துல எல்இடி மாத்தினாங்க, செம வெளிச்சம், ஆனா நேரா மேசைக்கு மேல தொங்குது, கண்ணாடி போட்ட மேசை வேற, புக்கை விட லைட்டுதான் அதுல தெரியும், ஒரு மணி நேரத்துல கண்ணு எரிய ஆரம்பிச்சிடும். டிஃப்யூசர் வச்சதா, பால் மாதிரி கவர் இருக்கிறதா வாங்குங்க. அப்புறம் சீலிங் ஃபேனுக்கு மேல லைட் மாட்டாதீங்க ப்ளீஸ், ரெக்கை சுத்த சுத்த பேப்பர் மேல நிழல் ஓடிக்கிட்டே இருக்கும், படிக்கவே முடியாது. கலர் மட்டும் நல்ல வெள்ளையா 6500 கெல்வின் (லைட்டோட நிறத்தைச் சொல்ற நம்பர்) போடுங்க, மஞ்சளா இருந்தா மத்தியானம் தூக்கம் வந்துரும் எனக்கு.

வயர்மேன்_திண்டுக்கல்:
தூக்கத்துக்கு லைட் என்ன பண்ணும் தம்பி, சாப்பாட்டைக் குறைங்க 😄 6500 கெல்வின் நீலம் தூக்கலான வெள்ளை, ரொம்ப நேரம் படிக்கிற இடத்துக்கு 4000 தான் நான் சொல்வேன், அது மஞ்சளும் இல்ல, சாதா வெள்ளை. சிஆர்ஐ (கலர் எவ்ளோ நிஜமா தெரியுதுங்கிற அளவு) 80க்கு மேல இருக்கணும், இல்லன்னா அட்டைப்பட கலரெல்லாம் செத்த மாதிரி தெரியும். கடையில லைட்டை எரியவிட்டு மொபைல்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்க, பட்டை பட்டையா ஓடினா டிரைவர் மட்டம், வேண்டாம். ஐரோப்பாவுல நூலகத்துக்குன்னு வச்சிருக்கிற அளவு வாசிக்கிற மேசையில 500 லக்ஸ் (ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவு), ரேக்குல 200. லக்ஸ் அளக்கிற மொபைல் ஆப்புல துல்லியமா வராது, ஆனா இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாக்க போதும். ஜன்னலோர வரிசைக்கு மறக்காம தனி சுவிட்ச் போடுங்க, பகல்ல அதை அணைச்சா எல்இடியே தர முடியாத மிச்சம் அது.

படிப்பகம்82:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நல்லவேளை கேட்டேன். இன்னைக்கு நூலகர் மேடத்தோட உக்காந்து ரேக்கு, மேசை, ஃபேன் எல்லாம் நோட்டுல வரைஞ்சோம். ஆறு சந்துக்கு ரெண்டு ரெண்டா 12 பேட்டன், மேசைப் பக்கம் 8, கவுன்ட்டர், பேப்பர் படிக்கிற இடத்துக்கு 2, ஆக 22 வருது. 6,600 ரூபா லைட்டுக்கு, மிச்சம் புது வயரிங், சுவிட்ச், கூலிக்கு. மேடம் லெட்டர் எழுதிட்டாங்க. அனுமதி வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை லீவுல முதல்ல ஒரு சந்துக்கும் ஒரு மேசைக்கும் மட்டும் மாட்டி, ஒரு வாரம் வர்றவங்களைக் கேட்டுட்டு மீதியை வாங்குறோம். 4000ஆ 6500ஆன்னு பசங்களுக்கும் பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களுக்கும் இப்பவே பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சு. காசு மிஞ்சினா ரெண்டு ஃபேனையும் பிஎல்டிசிக்கு (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்ச ஃபேன்) மாத்தலாமா?

வயர்மேன்_திண்டுக்கல்:
பழைய ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசி 30 சொச்சம், மாத்தினா நல்லதுதான். ஆனா முதல்ல மெயின் போர்டைத் திறந்து எர்த் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மிச்சக் காசை அதுக்குப் போடுங்க.