கழியைத் தூர் வாரும் முன் சேற்றைச் சோதித்துப் பார்ப்போம்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நம்ம ஊர்க் கடல்கழியின் முகத்துவாரத்தைத் தூர் வாருவது பற்றி வந்த மடல்கள் அத்தனையும் படித்தேன். துபாயிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நன்கொடை சேர்கிற வேகத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது. பொழி அடைத்துக்கொண்டு வல்லம் உள்ளே வர முடியாமல், நம்ம ஆட்கள் இடுப்பளவு உளையில் இறங்கித் தள்ளுகிற காணொளியைத் தம்பிமார் போட்டிருந்தார்கள். வழி திறக்கத்தான் வேணும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் செயலாளர் காக்கா அனுப்பிய வரைவில் ஒரு வரி இருக்கிறது. வாரி எடுக்கும் சேற்றைக் கொட்டிப் பள்ளிக்கூட மைதானத்தை மேடாக்குவது, மிச்சத்தைத் தென்னந்தோப்புகளுக்குக் கொடுப்பது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட மடல். அந்தச் சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் ஒரு கூடைகூடக் கரையேற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நான் பிழைக்க வந்த, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரம் டெர்வென்ட் என்ற ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. பார்க்கத் தெளிந்த தண்ணீர், பாய்மரப் படகுகள், பின்னால் மலை. ஆனால் இந்தக் கழிமுகத்தில் மட்டி, சிப்பி பொறுக்கித் தின்னாதீர்கள் என்று இங்குள்ள சுகாதாரத் துறை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரீம் என்ற மீனை இந்த ஆற்றில் பிடித்தால் அறவே சாப்பிடக்கூடாது. மற்ற மீன்கள் வாரம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரு தடவையோடு நிறுத்த வேணும். காரணம், முதல் உலகப்போர்க் காலத்தில் ஆற்றங்கரையில் தொடங்கிய துத்தநாக உருக்காலை. பல பத்தாண்டுகள் அதன் கழிவு ஆற்றில் இறங்கியது. மேலே இருந்த காகித ஆலையிலிருந்தும் பாதரசம் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்குள்ள ரால்ப்ஸ் பே சிப்பியைத் தின்றவர்கள் வாந்தியெடுத்து விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு கழிவு வெகுவாகக் குறைந்துவிட்டது, தண்ணீர் எவ்வளவோ தேறிவிட்டது. சேறு தேறவில்லை. துத்தநாகம், ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் அடியில் அப்படியே கிடக்கின்றன. இலைதழை மக்கிப்போகும், டீசல்கூட நாளாவட்டத்தில் சிதையும். ஈயம் எத்தனை வருஷம் ஆனாலும் ஈயம்தான்.

இதே தீவின் மேற்குப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். குயின்ஸ்டவுன் என்ற ஊரில் மவுண்ட் லையல் செம்புச் சுரங்கம். அங்கே கல்லை அரைத்துச் செம்பு எடுத்தபின் மிஞ்சிய சக்கையை 1994 வரைக்கும் ஆற்றில்தான் விட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 10 கோடி டன் என்று கணக்கு. குயின் ஆறு, கிங் ஆறு வழியாக அது மக்வாரி ஹார்பர் என்ற பெரிய கடல்கழியில் போய் இறங்கியது. பழைய சுரங்க ரயிலை இப்போது சுற்றுலாவுக்கு ஓட்டுகிறார்கள். அதில் போனால் ஆற்றோரம் முழுக்கக் கண்ணால் பார்க்கலாம்: துருவேறிய கற்கள், சாம்பல் நிற மணல்மேடு, நின்ற இடத்திலேயே பட்டுப்போன மரங்கள். ஆறு கழியில் சேரும் இடத்தில் அந்தச் சக்கையே ஒரு திட்டாக எழும்பி நிற்கிறது.

சுரங்கம் மலையில் இருக்க, நஞ்சு ஏன் கழிமுகத்தில் வந்து உட்காருகிறது? நம்ம கழிக்கும் இதுதான் விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாறைக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கும். காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. தோண்டி வெளியே போட்டதும், காற்றும் தண்ணீரும் பட்டு அது கந்தக அமிலத்தை விடுகிறது. அமிலம் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம் அத்தனையையும் கரைத்து ஆற்றில் விடுகிறது. ஆறு கடலைத் தொட்டதும் அமிலம் முறிகிறது, ஏனென்றால் கடல்நீர் சற்றுக் காரமானது. கரைந்திருந்த இரும்பு துருவாகத் திரிந்து அடியில் விழுகிறது. விழும்போது மற்ற உலோகங்களையும் தன்மேல் ஒட்டிக்கொண்டு போகிறது. உப்புப் பட்டதும் ஆற்று நீரில் மிதந்து வந்த களித்துகள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து அமிழ்கின்றன. மணலில் உலோகம் அவ்வளவாக ஒட்டாது. மயிரிழையைவிட நுண்ணிய களிமண்ணில்தான் ஒட்டும். ஆக ஆறு எங்கே தயங்குகிறதோ, எங்கே களி படிகிறதோ, அங்கேதான் எல்லாம் சேரும்.

அடுத்ததுதான் முக்கியம். சேற்றை ஒரு சாண் தோண்டினால் மேலே பழுப்பாக இருப்பது உள்ளே கருப்பாகிவிடும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கழியில் மட்டி பொறுக்கிய எல்லாருக்கும் அந்த வாடை தெரியும். அங்கே உயிர்க்காற்று இல்லை. கடல்நீரில் உள்ள சல்பேட்டைச் சில நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றுகின்றன. அந்தச் சல்பைடு ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் இறுகப் பிடித்துப் பூட்டி வைக்கிறது. கருஞ்சேறு கலங்காமல் கிடக்கிறவரை பெரும்பகுதி பூட்டுக்குள்தான் இருக்கும். பொக்லைனை இறக்கி வாரிக் கரையில் காயப்போட்டால், காற்றுப் பட்டுச் சல்பைடு சிதைந்து உலோகம் விடுபடும். சுரங்கத்து வாசலில் நடக்கிற அதே வேலை நம்ம பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும்.

உலோகமே இல்லாத சுத்தமான கழிச்சேறாக இருந்தாலும் தோப்புக்கு அது நல்ல உரம் என்று நினைக்க வேண்டாம். அலையாத்திக் காடு நின்ற சேற்றில் இயற்கையாகவே இரும்புச் சல்பைடு நிறைய இருக்கும். காய்ந்தால் மண் புளிக்கும். கேரளத்துக் குட்டநாட்டில் கரி நிலம் என்று சொல்கிறார்களே, அது இப்படிப்பட்ட அமில மண்தான். அங்கே விவசாயிகள் சுண்ணாம்பு போட்டுப் போட்டுத்தான் நெல் எடுக்கிறார்கள். தென்னைக்காரர்கள் இதை யோசிக்க வேணும்.

மைதானம் பற்றி என்னால் இன்னும் அழுத்திச் சொல்லாமல் இருக்க முடியாது. காய்ந்த சேறு கச்சான் காற்றில் புழுதியாகப் பறக்கும். பிள்ளைகள் அதில் விழுந்து புரள்வார்கள், அதே கையோடு முறுக்கு தின்பார்கள். ஈயம் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை என்று ஓர் அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளரும் வயதில் உடம்பில் ஏறுகிற ஈயம் படிப்பைத் தின்றுவிடும். படிப்புக்காக நன்கொடை திரட்டுகிற சங்கம் நாம்.

"நம்ம பக்கம் சுரங்கமும் இல்லை, ஆலையும் இல்லை, எங்கிருந்து வரும் இதெல்லாம்?" என்று மலேசியா மாமா கேட்பார். நியாயமான கேள்வி. டெர்வென்ட் அளவுக்கு நம்ம சேற்றில் இருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் வைகை வருசநாட்டு மலையிலிருந்து தேனி, மதுரை, சிவகங்கை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருகிறது. மதுரையின் சாக்கடை அதில் கலப்பது ஊரறிந்த விஷயம். பெரிய நகரத்துச் சாக்கடையோடு பட்டறைக் கழிவும் சேர்ந்துதான் வரும். சாதாரண வருஷத்தில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தண்ணீர் நின்றுவிடும். வெள்ள வருஷத்தில் மிச்சம் கடலை எட்டும்போது, வழியில் படிந்து கிடந்த வண்டலையும் சேர்த்து இழுத்துவரும்.

நம்ம கரையிலேயே கிடப்பதையும் பார்க்க வேணும். விசைப்படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் சிவப்புப் பெயிண்டில் இருப்பது செம்பு. படகைக் கரையேற்றிச் சுரண்டுகிற தூள் எல்லாம் எங்கே போகிறது? வலைக்கு ஈயமணி வார்க்கப் பழைய பேட்டரியை உடைத்து அடுப்பில் உருக்குவதை நம்ம தெருவிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஈயக்கசடும் பேட்டரி அமிலமும் கொட்டிய இடம் கழியின் விளிம்புதான். வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் சாம்பலும், 2018-இல் மூடப்பட்ட செம்பு உருக்காலையும் இருக்கின்றன. நாம் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் என்பதால் அது நேராக வந்து சேரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடகடலில் நீர் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. விழுந்ததை அலசிக்கொண்டு போகிற வலுவான ஓட்டம் நம்ம கழிக்குள் கிடையாது. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும்.

இங்கிலாந்தில் கார்ன்வால் என்று ஒரு பக்கம். அங்கே ரெஸ்ட்ராங்கெட் என்ற சின்னக் கழிக்குள் நூற்றாண்டுகளாகச் செம்பு, வெள்ளீயச் சுரங்கக் கழிவு இறங்கியது. 1970-களில் அங்கே ஆராய்ந்தவர்கள், செம்பு மிகுந்த அந்தச் சேற்றையும் தாங்கிப் பழகிவிட்ட புழுக்களைக் கண்டார்கள். புழு பிழைத்துக்கொண்டது, ஆனால் அதன் உடம்பில் செம்பு ஏறிக் கிடந்தது. அதைத் தின்னுகிற மீனுக்கும் பறவைக்கும் அது போகும். 1991-இல் மூடிய வீல் ஜேன் சுரங்கத்தில் தேங்கிய அமிலத் தண்ணீர் 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு வந்தபோது அந்தக் கழியெல்லாம் செம்மஞ்சள் நிறமானது. நம்ம கழியில் சேற்றைத் தின்று வளர்கிறவை மடவையும் மட்டியும் நண்டும். அவற்றைத் தின்று வளர்கிறவர்கள் நாம்.

சோதனை செய்யும் முறை ஒன்றும் கடினமில்லை. இரும்பு மண்வெட்டி, தகர வாளி ஆகாது. அதிலிருந்தே உலோகம் ஒட்டும். ஒரு மீட்டர் நீளப் பி.வி.சி. குழாயைக் கையால் சேற்றில் அழுத்தி, மேல்வாயை இறுக மூடி உருவினால் சேறு அடுக்குக் கலையாமல் வரும். அதைப் பிளாஸ்டிக் கரண்டியால் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பைகளில் போட்டு, இடத்தையும் ஆழத்தையும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேணும். அடியில் இருப்பது பழைய காலத்துச் சேறு, மேலே இருப்பது நம்ம காலத்துச் சேறு. அடியைவிட மேலே ஈயம் ஏறியிருந்தால் அது மனுஷக் கை பட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு துண்டிலும் அலுமினியத்தையும் அளக்கச் சொல்ல வேணும். அலுமினியம் களிமண்ணிலேயே இருப்பது. அதோடு ஒப்பிட்டால்தான், களி அதிகம் என்பதால் உலோகம் அதிகமா, நிஜமாகவே வந்து சேர்ந்ததா என்று பிரிக்க முடியும். இதை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு.

கடல் சேற்றுக்கு அமெரிக்காவில் 1995-இல் தொகுத்த அளவுகளைப் பல நாடுகளில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் ஈயம் 46.7 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அடியில் வாழும் உயிர்களுக்குக் கெடுதல் அரிது. 218-ஐத் தாண்டினால் கெடுதல் அடிக்கடி காணும். காட்மியத்துக்கு 1.2, 9.6. பாதரசத்துக்கு 0.15, 0.71. முடிவு வந்ததும் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். இவை கடலடி உயிர்களுக்கான அளவு. பிள்ளைகள் விளையாடுகிற மண்ணுக்கு இவை பொருந்தாது, அதற்குரிய அளவைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேணும்.

ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேட்போம். முகத்துவாரம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவதால் எப்படியும் அனுமதி கேட்டுத்தான் இயந்திரத்தை இறக்க முடியும். சோதனை முடிவு கையில் இருந்தால் அந்த மனுவுக்கும் பலம்.

ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கும், வெளிப்படையாகவே பேசிவிடுவோம். ஏதாவது கண்டுபிடித்து வெளியே தெரிந்தால் நண்டுக்கு விலை விழுந்துவிடும், கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான் என்ற பயம். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. காலையில் வலையில் வந்ததை விற்றுத்தான் அன்றைக்கு அடுப்பு எரிகிறது. ஆனால் நாம் பார்க்காமல் விட்டாலும் வாங்குகிறவன் பார்க்கத்தான் செய்வான். இந்தியாவிலிருந்து போன கணவாய்ச் சரக்கு காட்மியம் கூடுதல் என்று ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது உண்டு. அங்கே தெரிந்து இங்கே அடி விழுவதைவிட, நம்ம கையால் நாமே முதலில் தெரிந்துகொள்வது மேல். முடிவை ஊர்க்கூட்டத்தில் ஜமாத்தார், மீனவர் சங்கம், மட்டி பொறுக்குகிற பெண்கள் எல்லாரையும் உட்காரவைத்து முதலில் சொல்வோம். மறைக்கக்கூடாது.

சேறு சுத்தம் என்று வந்தால் தாராளமாகத் தூர் வாரலாம். அப்போதும் மைதானத்துக்கு முகத்துவாரத்து வாயிலுள்ள மணலை மட்டும் எடுப்போம், கருஞ்சேற்றைத் தொட வேண்டாம். ஒரு பகுதியில் மட்டும் உலோகம் ஏறியிருந்தால் வழியை அந்தப் பகுதிக்கு வெளியே வெட்டுவோம். எங்கும் ஏறியிருந்தால் வல்லம் போகிற அகலத்துக்கு மட்டும் எடுத்து, எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்வோம். பேட்டரி உருக்குவதையும் படகு சுரண்டுகிற தூளைக் கழியில் தள்ளுவதையும் சோதனை முடிவுக்குக் காத்திராமல் இன்றைக்கே நிறுத்தலாம்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கழிக்குள் கால் வைக்க முடியாது, புதுவண்டலும் வந்து மேலே மூடிவிடும். அதனால் ஆவணிக்குள் குழாய் இறங்க வேணும். பள்ளிவாசல் பின்துறை, படகு சுரண்டுகிற மேடு, அலையாத்தி ஓரம், முகத்துவாரத்து வாய் என்று நாலு இடம் போதும் என்று நினைக்கிறேன். ஊரில் இருக்கிறவர்கள் பார்த்துத் திருத்துங்கள். முதல் சோதனைச் செலவை நான் ஏற்கிறேன். வல்லம் கொடுக்கிறவர்கள், கூட இறங்குகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். செயலாளர் காக்கா, இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதை மட்டும் அதுவரை நிறுத்தி வையுங்கள்.