ஆபிரிக்க வரலாறு வாசிக்க எங்க தொடங்கிறது? ஊர்க்கதை எழுதிற ஆக்களும் ஒருக்காப் பாருங்கோ

வலிகாமத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எண்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி என்ர தலையில கட்டிப் போட்டினம், வரலாறு படிப்பிக்கிற ஆள் எண்டபடியால் தப்ப ஏலாது. எழுத்தில இருக்கிறது தோம்பில, அதான் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டில, வாற நாலைஞ்சு பேரும் பாதி அழிஞ்ச ஒரு கல்வெட்டும் தான். மிச்சம் எல்லாம் வயசான ஆக்கள் சொல்ற கதை, அதிலயும் வடக்கு வீதிக்காரர் ஒண்டு சொல்ல தெற்கு வீதிக்காரர் வேற ஒண்டு சொல்லினம், ரெண்டு பகுதியும் தங்கட பூட்டன் தான் முதல் மடாலயம் வைச்சவர் எண்டு நிக்கினம். கம்பசில படிக்கிற பழைய மாணவன் ஒருத்தன் சொன்னான், சேர் உந்த வாய்மொழிக் கதைப் பிரச்சினையில ஆகக் கூட மண்டையைப் போட்டு உடைச்சவை ஆபிரிக்க வரலாற்றுக்காரர் தான், அவையளை வாசியுங்கோ எண்டு. எனக்கு ஆபிரிக்கா எண்டால் எகிப்து, அடிமை வியாபாரம், மண்டேலா, அதோட சரி. எதில தொடங்கிறது, எதை விடுறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. தமிழில ஏதும் இருந்தா இன்னும் நல்லம்.

பழைய வாத்தி:
தம்பி, தமிழை விடும், இங்கிலிசில தான் வாசிக்க வேணும். யுனெஸ்கோ போட்ட ஆபிரிக்கப் பொது வரலாறு எண்டு 8 தடிச்ச தொகுதி இருக்கு, 1964ல தொடங்கின வேலை, முதல் தொகுதியள் 1981ல தான் வந்தது, அவையின்ர தளத்தில சும்மாவே இறக்கலாம். எட்டையும் வரிசையா வாசிக்க வெளிக்கிட்டா மலர் அடுத்த கும்பாபிஷேகத்துக்குத் தான் வரும். முதலாம் தொகுதியை மட்டும் எடும். புர்கினா பாசோக்காரர் ஜோசப் கி-செர்போ தான் அதுக்குப் பதிப்பாசிரியர், அது முறையியல் பற்றினது, எழுத்து இல்லாத இடத்தில வாய்ப்பேச்சு, மொழியியல், தொல்லியல் எல்லாத்தையும் எப்பிடிச் சேத்துப் பிடிக்கிறது எண்டு.

ஏன் அப்பிடி ஒரு வேலை தேவைப்பட்டது எண்டால் 1963லயும் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆபிரிக்காவில ஐரோப்பியரின்ர வரலாறு தான் இருக்கு மிச்சம் இருட்டு எண்ட மாதிரிப் பேசிக் கொண்டிருந்தவர். இத்தனைக்கும் நைஜீரியாவின்ர ஒனுவுகா டிக்கே, நைஜர் கழிமுகத்து வியாபாரம், அரசியல் பற்றின தன்ர ஆய்வைப் புத்தகமாப் போட்டது 1956ல. அந்த மனுசன் எழுதினதோட நிக்கேல்லை, நைஜீரியாவின்ர தேசிய சுவடிக்கூடத்தையே தொடக்கி வைச்சவர், பிறகு இபாடான் பல்கலைக்கழகத்தையும் தலைமை தாங்கி நடத்தினவர்.

அதோட ஆபிரிக்காவின்ர தெற்குப் பக்கத்தில இருக்கிற கிரேட் சிம்பாப்வே எண்ட பழைய கல் நகரத்தின்ர கதையை வாசியும், எனக்கு அதை நினைச்சா இப்பவும் கோவம் வரும். சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டின பெரிய மதில். 1905லயே ஒருத்தர், 1929ல ஜேர்ட்ரூட் கேற்றன்-தொம்சன் எண்ட அம்மா, ரெண்டு பேரும் கிண்டிப் பாத்திட்டு இது உள்ளூர் ஆபிரிக்கர் கட்டினது தான் எண்டு சொல்லிப் போட்டினம், ஆனா அப்ப ரொடீசியா எண்டு இருந்த அந்த நாட்டின்ர வெள்ளை அரசாங்கம் அதை ஒத்துக்கொள்ள விரும்பேல்லை, சேபா ராணி, பினீசியர் எண்டு வந்த கதையளைத் தான் அவைக்குப் பிடிச்சது. உண்மையை எழுதின தொல்லியலாளர் பீற்றர் கார்லேக் 1970ல நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. 1980ல சுதந்திரம் கிடைக்க நாட்டுக்கே அந்த இடத்தின்ர பேரை வைச்சினம்.

செனகல்காரர் ஷேக் அந்தா டியோப்பையும் கேள்விப்படுவீர், பழைய எகிப்தியர் கறுப்பினத்தவர் எண்டு வாதாடினவர். அவரை வாசியும், ஆனா அவரின்ர பேரைச் சொல்லி யூடியூப்பில ஓடுறதுகளை விடும், அது எங்கட குமரிக்கண்டக் கோஷ்டியின்ர ஆபிரிக்கக் கிளை. 1974ல கெய்ரோவில அவரோட நேர நேர நிண்டு மற்ற ஆக்கள் வாதாடினவை, அந்த அறிக்கை யுனெஸ்கோ ரெண்டாம் தொகுதியிலயே கிடக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு.

மாதகல் பிள்ளை:
வாத்தியார் சொன்னது சரி, ஆனா சேர் கேட்டதுக்கு நேர்ப் பதில் ஜான் வன்சினா. பெல்ஜியக்காரர், 1950களில கொங்கோவில குபா அரசுக்குள்ள போய் இருந்து கதை சேத்தவர், 1961ல வாய்மொழி மரபை எப்பிடி ஆதாரமாப் பாவிக்கிறது எண்டு ஒரு புத்தகமே எழுதினவர். ஆர் சொல்றார், அவர் ஆரிட்டக் கேட்டவர், கதை அப்பிடியே மனப்பாடமா வாறதோ இல்லாட்டி சொல்றவர் தன்ர பாட்டில விரிக்கிறதோ, சொல்றதால அவருக்கு என்ன லாபம், இதெல்லாம் ஒவ்வொரு கதைக்கும் எழுதி வை எண்டுவார். குபாக்காரர் இன்ன அரசன் காலத்தில சூரியன் மறைஞ்சது எண்டு சொன்னதை 1680ல நடந்த கிரகணத்தோட பொருத்தி ஆண்டு பிடிச்சவர்.

ஆனா சேர், அவரை மட்டும் வாசிச்சா எல்லாக் கதையும் உண்மை எண்டு நம்பத் தொடங்கீடுவியள். கானாவில வடக்கால கொஞ்சா எண்டு ஒரு அரசு. பிரிட்டிஷ்காரர் போன புதிசில கேட்டு எழுதின கதைப்படி, அரசை உண்டாக்கின ஜக்பாவுக்கு 7 ஆம்பிளைப் பிள்ளையள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி, அப்ப 7 பகுதி இருந்தது. 60 வருசம் போய்த் திரும்ப ஆய்வாளர் போய்க் கேட்டால் ஜக்பாவுக்கு 5 பிள்ளையளாம்! இடையில ரெண்டு பகுதி இல்லாமப் போச்சு, அதோட அந்த ரெண்டு பிள்ளையளும் கதையில இருந்து காணாமப் போட்டினம். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, இண்டைக்கு ஆருக்கு உரிமை இருக்கோ அவையின்ர பூட்டன் தான் கதையில மிஞ்சுவார். உங்கட வடக்கு வீதி தெற்கு வீதியில முதல் பாக்க வேண்டியது இப்ப எத்தினாம் திருவிழா ஆற்ற உபயம் எண்டதை. அதை வைச்சுக் கதையைப் பிரிச்சுப் பாருங்கோ, கனக்க விளங்கும்.

ரொறன்ரோ ராசன்:
ஆபிரிக்காவும் நாங்களும் எண்டு வந்தபடியால் ஒரு விசயம். மொரோக்கோப் பயணி இபன் பதூதா 1331ல கிழக்காபிரிக்காவில கில்வாவுக்குப் போனவர், 1344ல எங்கட யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திச்சவர், 1352ல மாலிக்குப் போனவர். எங்கட அரசன் சிவனொளிபாதமலை பாக்கப் பல்லக்கும் ஆளும் சாமானும் குடுத்து அனுப்பினான். மாலி அரசன் மன்சா சுலைமான் பரிசு அனுப்பியிருக்கிறான் எண்டு சொல்ல இவர் பட்டும் காசும் எண்டு நினைச்சு எழும்பிப் பாத்தால் மூண்டு ரொட்டி, ஒரு துண்டு பொரிச்ச மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவையில தயிர். மனுசன் அந்தக் கடுப்பிலயே மாலியைப் பற்றி எழுதினவர், ஆனா அந்தக் காலத்து மாலிக்கு நேரில பாத்து எழுதினது எண்டு அதை விட்டால் வேற பெரிசா இல்லை. சாப்பாட்டுக் கோவத்தையும் கழிச்சுத் தான் வாசிக்க வேணும் 😀

சும்மா ஒருத்தன்:
எங்கட ஊர்க் கதைக்கு ஏன் ஆபிரிக்கா? யாழ்ப்பாண வரலாறு பற்றி இந்திரபாலா, பத்மநாதன் எழுதினது காணாதோ? தேவையில்லாத அலைச்சல்.

பழைய வாத்தி:
அவையளை வாசிக்க வேண்டாம் எண்டு ஆர் சொன்னது. அவை எழுதினது அரசின்ர வரலாறு, தம்பி கேக்கிறது ஒரு குறிச்சியின்ர வரலாறு, அதுக்கு உந்த மாதிரி ஆக்கள் உதவுவினம். நைஜீரியாவில சாமுவேல் ஜோன்சன் எண்டு ஒரு யொரூபாப் பாதிரியார். ஒயோ எண்ட யொரூபா அரசின்ர அரண்மனைக் கதைசொல்லியள், வயசான ஆக்கள் எண்டு எல்லாரிட்டயும் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய வரலாறு எழுதி 1897ல முடிச்சவர். இங்கிலாந்துக்கு அச்சடிக்க அனுப்பினார், அங்க கையெழுத்துப் பிரதி துலைஞ்சு போச்சு. 1901ல மனுசன் செத்தும் போனார். தம்பி ஒபதையா ஒரு டொக்டர், அவர் தமையன்ர குறிப்புகளை வைச்சுத் திரும்ப முழுக்க எழுதி, 1921ல தான் புத்தகம் வந்தது. பாதிரியார் எண்டபடியால் கிறிஸ்தவப் பக்கச் சாய்வும் ஒயோவைத் தூக்கிப் பிடிக்கிறதும் இருக்கு, எண்டாலும் யொரூபா வரலாறு எழுதிற ஒருத்தரும் அதைத் தாண்டிப் போகேலாது. எங்கட மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி கேட்டு யாழ்ப்பாண வரலாறு சொல்ற யாழ்ப்பாண வைபவமாலை எழுதினதும் கிட்டத்தட்ட உந்தச் சாதி வேலை தானே, அதையும் திட்டித் திட்டித் தான் எல்லாரும் பாவிக்கினம். தம்பி, நீர் ஒலிப்பதிவு செய்தால் ரெண்டு மூண்டு இடத்தில பிரதி வையும். 1981ல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சதை யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லத் தேவையில்லை, 2021ல கேப்டவுன் பல்கலைக்கழக நூலகம் காட்டுத்தீயில எரிஞ்சு ஆபிரிக்கவியல் சேகரிப்பில கனக்கப் போனது.

கறுத்தக் கோட்டு:
நான் சட்டப் பக்க ஆள், ஒண்டு மட்டும் சொல்றன். தோம்பை எழுத்து ஆதாரம், கதையை வாய் ஆதாரம் எண்டு ரெண்டு பெட்டியில போடாதேங்கோ. உகண்டாவில வளந்த இந்திய வம்சாவளிக்காரர் மஹ்மூத் மம்தானி, 1972ல இடி அமீன் கலைச்ச ஆக்களில ஒருத்தர், 1996ல எழுதினதில சொல்றார், காலனி ஆட்சி பட்டினத்தில ஒரு சட்டமும் கிராமத்தில வழக்காறு எண்ட பேரில இன்னொரு சட்டமும் வைச்சு, அந்த வழக்காறு என்ன எண்டதைத் தாங்கள் வைச்ச தலைவர்மாரிட்டயே கேட்டு எழுதினது எண்டு. வரலாற்றாசிரியர் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983ல, ஆபிரிக்காவில ஆதிகாலத்து வழக்கம் எண்டு சொல்றதில கனக்கக் காலனிக் காலத்தில செய்தது எண்டார், பத்து வருசத்தால அவரே அதைக் கொஞ்சம் தணிச்சு, உள்ளூர்ச் சனமும் அதைத் தங்கட தேவைக்கு வளைச்சது எண்டு எழுதினவர். இப்ப எங்கட தேசவழமையை, அதான் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தை, பாருங்கோ. 1707ல கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட ஒல்லாந்தன் எழுதினது, சரி பாத்தது 12 முதலியார்மார், அதாவது உள்ளூர்த் தலைவர்மார். முதலியார் சொன்ன வழமை ஆற்ற வழமை? பெண்டுகளிட்ட, அடிமை குடிமையா இருந்த சனத்திட்ட ஆர் கேட்டது? உங்கட மலரிலயும் மடாலயம் வைச்சவரைத் தேடிறதோட நிக்காம, அந்தக் கல்லை ஆர் சுமந்தது, அவையை எப்ப உள்ள விட்டது எண்டும் கேளுங்கோ.

வலிகாமத்தான்:
எல்லாருக்கும் நன்றி, முதலாம் தொகுதியை இறக்கீட்டன். பிள்ளை சொன்ன மாதிரி உபயப் பட்டியலை எடுத்துப் பாத்தன், தெற்கு வீதிக்காரருக்கு முந்தித் தேர்த் திருவிழா இருந்து வழக்குப் போட்டு மாறினதாம், வடக்கு வீதியில ஒருத்தரும் அதைப் பற்றி மூச்சு விடேல்லை. ரெண்டு கதையையும் பக்கத்துப் பக்கத்தில போடலாம் எண்டு யோசிக்கிறன். கறுத்தக் கோட்டர் கேட்டது தான் கஷ்டம், அதை எழுதினா பரிபாலன சபை மலரையே நிப்பாட்டும், தலைவரும் வடக்கு வீதி.

மாதகல் பிள்ளை:
மலருக்கு ரெண்டு கதையையும் குடுங்கோ சேர். மற்றதைப் பதிவு செய்து ஆர் சொன்னது, எந்தத் திகதி எண்டு எழுதி நூலகம் இணையத்தளத்துக்குக் குடுக்கலாம், அவையள் வாய்மொழி வரலாறும் சேக்கினம். சொல்ற ஆளிட்ட முதல்லயே கேட்டிட்டுக் குடுங்கோ. 80 தாண்டின ஆக்களிட்ட முதல் போங்கோ, மலர் பிந்தினாலும் பறவாயில்லை.

கறுத்தக் கோட்டு:
அந்தத் தேர் வழக்கின்ர தீர்ப்பு நீதிமன்றப் பதிவில இருக்கும், வருசம் தெரிஞ்சா உள்பெட்டியில போடுங்கோ, தேடிப் பாப்பம்.