இறுகிப்போன வால்வும் வளைந்த ஸ்பானரும்

ஜெர்மனிக்கு வந்த பிறகு நான் ஆசைப்பட்டு வாங்கிய கார், 1982 மாடல் மெர்சிடிஸ் 240டி. அதில் இருப்பது ஓஎம் 616, நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். நம்ம ஊரில் டெம்போ ட்ராக்ஸ் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. அந்த வண்டிக்காக மெர்சிடிஸிடம் தயாரிப்பு லைசென்ஸ் வாங்கி இந்தியாவில் செய்ததும் இதே எஞ்சின்தான்.

போன குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப அடம்பிடித்தது. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றினேன், பலனில்லை. டாப்பெட் சத்தமே (வால்வு இடைவெளி கூடினால் வரும் டக் டக்) இல்லாததால் வால்வு மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தப்பு அங்கேதான். வால்வைத் திறப்பது சுழலும் கேம்; அது ராக்கர் என்ற நெம்புகோலை அழுத்த, ராக்கர் வால்வைத் தள்ளும். வால்வு முழுதாக மூட, கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே துளி இடைவெளி வேண்டும். இந்த எஞ்சினில் ஓட ஓட வால்வு தன் சீட்டில் ஆழமாக உட்கார்ந்து அந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும். லூசான வால்வாவது சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகிய வால்வு சத்தமே காட்டாமல் கம்ப்ரெஷனை (சிலிண்டரில் காற்று அழுந்தும் அழுத்தத்தை) தின்னும், விட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியே போகும்.

இடைவெளியைச் சரிசெய்ய முதல் தடவை சாதாரண 14 மில்லிமீட்டர் ஸ்பானர் இரண்டை வைத்து முயன்றேன். வால்வு தண்டின் மேலே இடைவெளியை மாற்றும் கேப் நட், அடியிலேயே அதை நகராமல் பிடிக்கும் லாக் நட், இரண்டும் 14தான். நேரான ஸ்பானர் சாய்ந்துதான் உட்காருகிறது, அழுத்தினால் நட்டின் முனை மழுங்குகிறது. ஒரு நட்டோடு நிறுத்திவிட்டு, இதற்கென்றே வளைத்துச் செய்த ஸ்பானர் ஜோடியை வரவழைத்தேன். கூடவே வால்வு ஸ்பிரிங்கின் மேல்தட்டைப் பிடிக்க மூன்றாவது ஒன்றும் வந்தது. வால்வே சேர்ந்து சுற்றும்போது அது இல்லாமல் முடியாது.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்ற, 27 சாக்கெட்டை கிராங்க் போல்ட்டில் போட்டு, வலப்பக்கமாக மட்டும் சுற்றினேன். கேமின் மூக்கு மேலே நிற்கும்போது ராக்கருக்கும் கேமுக்கும் நடுவே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.10, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எது எந்த வால்வு என்பது காற்றும் புகையும் போகும் மேனிஃபோல்டு குழாய்களில் எதற்கு நேராக இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்டில் 0.10 தகடுகூட நுழையவில்லை. பார்த்ததும் வயிறு கலங்கியது.

அப்புறம் இன்னொன்று: சரியாக வைத்துவிட்டு லாக் நட்டை இறுக்கினால் இடைவெளி மாறிவிடும். இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கினால் லூஸ். லேசாகப் பிடித்து இழுத்து வர வேண்டும், அந்தப் பிடி கைக்குப் பழக எனக்கு நாலு வால்வு ஆனது. எட்டையும் முடிக்க மூன்று மணி நேரம். கவர் கேஸ்கெட் புதிதாகப் போட்டேன், ஆக்சிலரேட்டர் லிங்கேஜை மாட்டினேன்.

மறுநாள் காலை மைனஸ் நாலு டிகிரி. ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.