'யெஸ்' யாருக்குச் சொந்தம்? வீட்டார் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

வித்யா: மாமா, ஜோஜோ என்ற ஜப்பானிய அனிமேயில் பகுதி முடியும்போது ஒரு கிதார் வரும். 'ரவுண்டபவுட்' என்ற பாட்டு. உங்களுக்குத் தெரியுமா?

சுந்தரம் மாமா: தெரியுமாவா! லண்டன் குழு, பெயர் யெஸ். பாட்டு 1971இல் வந்தது. கிதாருக்கு முன்னால் ஏதோ ஒன்று வீங்கிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும், கவனித்தாயா? அது பியானோ. பதிவு செய்த நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள்.

கார்த்திக்: ஹெட்போனில் இப்போதுதான் கேட்டேன். கதவு திறப்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன் 😄 அந்தக் குழு இன்னும் இருக்கிறதா மாமா?

சுந்தரம் மாமா: இருக்கிறது. 2023இல்கூட ஓர் ஆல்பம் வந்தது. ஆனால் 1968இல் தொடங்கியவர்களில் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை.

ரவி சித்தப்பா: மச்சான், ஜான் ஆண்டர்சன் பாடாத யெஸ் என்ன யெஸ்? பெயர்ப் பலகை மட்டும்தான் மிச்சம்.

சுந்தரம் மாமா: வாருங்கள் மாப்பிள்ளை, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஆண்டர்சனோடு சேர்ந்து தொடங்கியவர் பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஸ்கொயர். 2015இல் சாகும்வரை அத்தனை ஸ்டூடியோ ஆல்பத்திலும் வாசித்தவர் அவர் ஒருவரே. பாடகர் போனார், வந்தார், மறுபடியும் போனார். பேஸ் நகரவே இல்லை.

கமலா பெரியம்மா: சுந்தரம், நாளைக்கு கேஸ் சிலிண்டர் வரும். யார் வீட்டில் இருப்பீர்கள்?

வித்யா: நான் இருக்கிறேன் பெரியம்மா. மாமா, அவர்களுக்குள் ஏன் இத்தனை சண்டை?

சுந்தரம் மாமா: ஒரு கதை சொல்கிறேன், அக்காவும் கேட்கட்டும். 1973இல் டோக்கியோவில் இருந்தபோது ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் சாஸ்திரங்களைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு இரட்டை இசைத்தட்டு போட்டுவிட்டார்கள். நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாட்டு: ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். மொத்தம் 80 நிமிடத்துக்கு மேல்.

கமலா பெரியம்மா: அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நான்கையும் 80 நிமிடத்தில் முடித்துவிட்டார்களா! நம் வைதீகர்களுக்குச் சொல்லிவிடாதே.

சுந்தரம் மாமா: 😂 இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்த ஆல்பம் அக்கா. ஆனால் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில் பல இடங்களில் அவருக்கு வாசிக்க வேலையே இல்லை. உதவியாளர் வந்து, கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேள்வி இவருக்குச் சரியாகப் புரியாமல் சிக்கன் விண்டாலு, அப்பளம் என்று பட்டியல் சொல்ல, அவ்வளவும் பாட்டு நடக்கும்போதே மேடைக்கு வந்து சேர்ந்தது. கீபோர்டு மேல் பரப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னது.

கார்த்திக்: புராணம் நடக்கும்போது கோழிக்குழம்பு!

கமலா பெரியம்மா: பசித்தவன் சாப்பிட்டான். அதில் என்ன தப்பு? 80 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது யாரால் முடியும்?

சுந்தரம் மாமா: 1974இல் வேக்மன் விலகிவிட்டார். 1976இல் திரும்பி வந்தார். பிறகும் போவதும் வருவதும்தான். டிரம்மர் கதை வேறு. 1972இல் பில் புரூஃபர்ட் 'கிங் கிரிம்சன்' குழுவுக்குப் போய்விட, அமெரிக்கப் பயணத்துக்கு மூன்றே நாள் இருந்தது. ஆலன் வைட் அத்தனை பாட்டையும் அதற்குள் கற்றுக்கொண்டு மேடை ஏறினார். யெஸ் பாட்டில் தாளம் நடுவில் எத்தனை முறை மாறும் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 2022இல் சாகும்வரை அங்கேயே இருந்தார்.

ரவி சித்தப்பா: எல்லாம் சரி மச்சான். 1989ஐ மட்டும் நைசாகத் தாண்டப் பார்க்கிறீர்களே.

சுந்தரம் மாமா: தாண்டவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

ரவி சித்தப்பா: ஆண்டர்சன், புரூஃபர்ட், வேக்மன், கிதார் வாசித்த ஹோவ் நால்வரும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். பெயர் ஸ்கொயர் பக்கம் இருந்ததால் யெஸ் என்று அச்சடிக்க முடியவில்லை. நான்கு குடும்பப் பெயரையும் வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள், வக்கீல் அலுவலகப் பலகை மாதிரி. 70களில் அந்த இசையை உண்டாக்கிய கைகள் அவை. யெஸ் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

சுந்தரம் மாமா: அந்தப் பெயரைக் காப்பாற்றியது யார் மாப்பிள்ளை? 1983இல் டிரெவர் ரேபின் என்ற கிதார்காரர் வந்து 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' போட்டிருக்காவிட்டால் யெஸ் பழைய கதையாகியிருக்கும். அமெரிக்காவில் அவர்களுக்கு முதலிடம் கிடைத்த ஒரே சிங்கிள் அது.

ரவி சித்தப்பா: அதைப் பாடியது ஆண்டர்சன் 🙏

கார்த்திக்: சித்தப்பா 1, மாமா 0.

சுந்தரம் மாமா: பொறு கார்த்திக். 2008இல் ஆண்டர்சனுக்கு மூச்சுத்திணறல் கடுமையாகி, பயணம் ரத்தானது. யெஸ் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்த கனடாக்காரர் ஒருவரை ஸ்கொயர் யூடியூபில் பார்த்து, அவருக்குப் பதிலாகக் கூட்டிவந்தார்.

வித்யா: படுத்திருந்தவருக்குக் காத்திருக்கவில்லையா? இது அநியாயம் மாமா.

சுந்தரம் மாமா: அநியாயம்தான். அதில் நான் மாப்பிள்ளை பக்கம்.

ரவி சித்தப்பா: இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.

கார்த்திக்: இப்போது யார்தான் நடத்துகிறார்கள்?

சுந்தரம் மாமா: கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹோவ். 1970இல் சேர்ந்தவர். ஆண்டர்சனோ 80 வயதுக்குப் பக்கத்திலும் இளைஞர் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அதே பழைய யெஸ் பாட்டுகளைப் பாடி வந்தார். இடையில் சில வருடம் ஆண்டர்சன், ரேபின், வேக்மன் மூவரும் யெஸ் பெயரையே போட்டுக்கொண்டு சுற்றினார்கள். ஒரே நேரத்தில் உலகத்தில் இரண்டு யெஸ்.

கமலா பெரியம்மா: ஒன்றாக மேடை ஏறியதே இல்லையா?

சுந்தரம் மாமா: 1991இல் எட்டுப் பேர் ஒன்றாகச் சுற்றினார்கள் அக்கா, வட்டமேடை போட்டு. ஆல்பத்தை மட்டும் இரண்டு கோஷ்டியும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டிவிட்டார்கள். கேட்டாலே தெரியும்.

வித்யா: நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

சுந்தரம் மாமா: 1972இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடம். முதல் மூன்று நிமிடம் இரைச்சலாக இருக்கும், பாதியில் நிறுத்திவிடாதே.

கார்த்திக்: வாக்கெடுப்பு வைக்கிறேன். யெஸ் யாருக்குச் சொந்தம்? ஆண்டர்சன் / ஸ்கொயர் / ஹோவ்.

கமலா பெரியம்மா: விண்டாலு சாப்பிட்டவர் பெயரையும் சேர். என் ஓட்டு அவருக்கு. சிலிண்டர்காரர் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார் வித்யா.