பாமினி கோப்புகளில் ஔகாரச் சிக்கல்

என் 500ஆவது கட்டுரையோடு பழையவற்றையும் தொகுக்கிறேன். 2001 முதல் 2007 வரையிலான 212 கோப்புகள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் உள்ளவை. யூனிகோடுக்கு மாற்றியபின் 'மௌனம்' என்று தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. காரணம், பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. எல்லாமே கொம்பு + ள என்று விழுந்திருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

லிப்ரே ஆபீஸில் 'கொம்பு + ள' வருமிடங்களை மொத்தமாக ஔகாரமாக மாற்றியதில் 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டன. என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே குறியாக்கும் யூனிகோடு முறை) ஒகரக் குறியைச் சேர்த்தது, இதைத் தொடவில்லை (ள தனி எழுத்தாயிற்றே). ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடும்படி ரெஜெக்ஸ் (தேடல் வாய்பாடு) எழுதினேன். கட்டுரைநடை சரியானது. ஆனால் பேச்சுவழக்கில் வரும் 'வெளக்கு', 'கெளம்பு' இரண்டும் 'வௌக்கு', 'கௌம்பு' ஆகிவிட்டன.

பேச்சுவழக்கைக் கெடுக்காமல் ஔகாரத்தை மட்டும் திருத்த, சொற்பட்டியலோ ஸ்கிரிப்டோ யாரிடமாவது இருக்கிறதா?