பின்னங்கால் இரண்டும் விளங்காத பூனை: என்ன செய்யலாம்?

மண்டபம் வலைக்காரன்:

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை, பெயர் கறுப்பன். படகு ஜெட்டியில் ஐஸ் வண்டியைப் பின்னால் எடுத்தபோது இடுப்பில் அடிபட்டுவிட்டது. ஒரு மருத்துவரிடம் காட்டினோம். ஊசி போட்டார், "பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான். முன்னங்கால்கள் நன்றாக இருக்கின்றன. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டே நகர்கிறது, வாலும் அசையவில்லை. சாப்பாட்டில் குறையில்லை. மூத்திரத்துக்கும் பிரச்சினை இல்லை, படுத்த இடத்திலேயே சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது கால்களைப் பற்றி. நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகுமா? நாய்க்குச் சக்கர வண்டி கட்டுகிறார்களே, அது பூனைக்கும் கிடைக்குமா? தெருவில் எல்லோரும் "ஏலம் நடக்கிற இடத்தில் விட்டுவிடு, மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கீழக்கரை லாத்தா:

தம்பி, கால் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிரச்சினை இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிற அந்த மூத்திரம்தான் இப்போது பெரிய ஆபத்து. சொட்டுச் சொட்டாகப் போனால் பூனை தானாகப் போகிறது என்று அர்த்தம் இல்லை. நரம்பு அடிபட்டதால் மூத்திரப் பையை அதனால் சுருக்க முடியவில்லை. பை நிறைந்து, கொள்ளாததுதான் வழிகிறது. உள்ளே மீதி தேங்கிக் கிடக்கும். தேங்கினால் கிருமி சேரும், அப்புறம் சிறுநீரகம் கெடும். கால் இல்லாத பூனை பல வருஷம் வாழும். மூத்திரம் தேங்கிய பூனை அப்படி வாழாது. அதனால் நாளை காலையிலேயே ராமநாதபுரம் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "பையைக் கையால் அழுத்தி எடுக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் பூனை சீனியை நாய் கடித்து முதுகு போய்விட்டது. வருஷக் கணக்காக அவளுக்கு நான்தான் எடுத்துவிடுகிறேன். எப்படி என்று எழுதுகிறேன். ஆனால் படித்துவிட்டு நீங்களே ஆரம்பிக்கக் கூடாது, மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டிய பிறகுதான்.

பூனையை வலது பக்கம் படுக்க வைப்பேன். பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெல்லத் தடவினால், தண்ணீர் ஊற்றிய பலூன் போல ஒன்று உருண்டு கையில் படும். அதுதான் பை. விரல் நுனியால் குத்தாமல், விரல்களைத் தட்டையாக வைத்து, வால் பக்கமாக ஒரே சீராக அழுத்த வேண்டும். முதலில் ஒன்றும் வராது. கையை எடுக்காமல் அதே அழுத்தத்தில் காத்திருந்தால் சட்டென்று பீய்ச்சும். பை சுருங்கச் சுருங்கக் கையும் கூடவே போக வேண்டும். கடைசியில் சின்னதாக, தளர்வாகத் தெரியும்போது நிறுத்திவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. கடுவனுக்குக் குழாய் குறுகல், சிலதுக்கு அதைத் தளர்த்த மாத்திரை எழுதித் தருவார்கள். பை கல்லாக இறுகியிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளேயே கிழிந்துவிடும். அன்றைக்கே மருத்துவமனை.

நிறமும் வாடையும் பாருங்கள். கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், வாடை திடீரென்று மாறினால், கிருமி வந்துவிட்டது.

அடுத்தது தோல். மூத்திரம் பட்டுப் பட்டுத் தொடை வெந்துபோகும். அங்கே முடியை ஒட்ட வெட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். டெட்டால் வேண்டவே வேண்டாம், பூனை நக்கினால் விஷம். சிமெண்டுத் தரையில் இழுத்து இழுத்து முழங்காலும் பாதமும் தேய்ந்து புண்ணாகும். பழைய லுங்கியை இரண்டாக மடித்து விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். முற்றத்து மணலில் விடாதீர்கள். ஈர மணல் தோலில் ஒட்டிக்கொள்ளும், நம் ஊரில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் ஈக்குச் சொல்ல வேண்டுமா? உணர்ச்சி இல்லாத இடத்தில் புழு வைத்தால் பூனைக்கே தெரியாது. தினமும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புழு வந்தால் மாட்டுக்கு ஊற்றுகிற டர்பன்டைனை ஊற்றிவிடாதீர்கள்.

ஏலம் போடுகிற இடத்தில் விடச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். ஓட முடியாத பூனையை அங்கே நாய் விடாது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகே போகாது. அப்போது அங்கே காலுள்ள பூனைக்கே வயிறு நிறையாது.

ராமையன்பட்டி மாணவன்:

ஊர் தேவிபட்டினம், திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். லாத்தா சொன்னது அத்தனையும் சரி. சில விஷயங்கள் மட்டும் சேர்க்கிறேன்.

எக்ஸ்ரே எடுக்கும்வரை நீவிவிட வேண்டாம் அண்ணா. முதுகெலும்போ இடுப்பெலும்போ விலகியிருந்தால், நீவுவதால் இன்னும் நரம்பு நசுங்கும். கொண்டு போகும்போது பலகையில் படுக்க வைத்து, நகராதபடி துணியால் கட்டி எடுத்துப் போங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

மருத்துவர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். கால் சுண்டி இழுத்தால் மட்டும் போதாது, அது வெறும் அனிச்சையாக இருக்கலாம். பூனை திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்று கவனியுங்கள். அப்படிச் செய்தால் வலி மூளைவரை போகிறது, கால் தேற வாய்ப்பு உண்டு. வால் அடியில் நரம்பு இழுபட்டது மட்டும்தான் என்றால், சில வாரங்களில் மூத்திரக் கட்டுப்பாடு திரும்புவதும் உண்டு.

இன்னொன்று, இது படிக்கிற மற்றவர்களுக்காக. அடி எதுவும் படாமல் திடீரென்று பின்னங்கால் விழுந்து, பாதம் சில்லென்று இருந்து, பூனை அலறினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அது இதய நோயால் வருவது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தொண்டிக்காரன்:

எங்கள் வீட்டில் முன்னங்கால் ஒன்றை எடுத்த பூனை இருக்கிறது, மதில் ஏறுகிறது. ஆனால் அது வேறு கதை. இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். உணர்ச்சியே இல்லை என்று தெரிந்தால் கருணைக்கொலைதான் நல்லது என்று சிலர் சொல்கிறார்களே?

கீழக்கரை லாத்தா:

தப்பான கேள்வி இல்லை தம்பி. பையைக் காலி செய்யவே முடியவில்லை, வலி அடங்கவில்லை, சாப்பாட்டையும் வெறுத்துவிட்டது என்றால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டியதுதான். ஆனால் கால் நடக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முடிவெடுக்கக் கூடாது. சீனி காலையில் ஜன்னல் வெயிலில் படுத்து, முன்னங்காலை நக்கி முகம் துடைப்பாள். மீன்காரர் குரல் கேட்டால் என்னைவிட முன்னால் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு வாழ ஆசை இருக்கிறது, நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

மீன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முள் எடுத்து வேகவைத்தே கொடுங்கள். சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற ஒன்று இருக்கிறது, பச்சையாகவே தின்று வந்தால் நல்ல பூனைக்கே தள்ளாட்டம் வரும். மலம் இறுகினால் வெந்த பூசணி கொஞ்சம் பிசைந்து கொடுங்கள். கருவாடு கூடாது, உப்பு.

மண்டபம் வலைக்காரன்:

லாத்தா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று ராமநாதபுரம் போய்வந்தோம். எக்ஸ்ரேயில் இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு விலகியிருக்கிறது. விரலை அழுத்தியபோது இடது காலுக்குத் திரும்பிப் பார்த்து உறுமினான், வலது காலுக்கு ஒன்றும் இல்லை. கூண்டிலேயே அசையாமல் வைக்கச் சொல்லி, பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார்கள். மூத்திரம் எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குக் கை பிடிபட்டுவிட்டது. ஆனால் நான் கடலுக்குப் போகிற ராத்திரி அம்மாதான் செய்ய வேண்டும். அவர்களுக்குப் பயம், கடித்துவிடுமோ என்று.

கீழக்கரை லாத்தா:

வலியில் கடிக்கத்தான் செய்யும். துண்டால் தலைப்பக்கம் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மீறிக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும், இலவசம்தான். அலட்சியம் வேண்டாம்.

கறுப்பனை இப்போது பஸ்ஸில் அலைக்கழிக்காதீர்கள். அம்மாவை மட்டும் வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளிலும் அனுப்புங்கள். சீனி கடிக்க மாட்டாள், அவள் வயிற்றில் கை வைத்துப் பழகட்டும். எந்த பஸ் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அம்மா வந்து சேரும்வரை நான் எடுக்காமல் வைத்திருக்கிறேன், பை நிறைந்திருந்தால்தான் கைக்குத் தெரியும்.