அப்பா அம்மா வெளிநாட்டில், பிள்ளைகள் வீட்டில்: இன்னும் உறுத்துகிற ஒரு நொடி

பெற்றோர் வெளிநாட்டில் இருக்க வீட்டில் இருந்த பிள்ளைகளைப் பற்றி, இன்னும் உறுத்துகிற ஒரு நொடியைச் சிலர் புனைபெயரில் எழுதினார்கள். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.

பழைய நாடா

கேசட்டில் கடிதம் பேசி அனுப்பிய காலம். அக்காவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அம்மாவிடமிருந்து வந்த எந்தக் கேசட்டைப் போட்டாலும் பேச்சு பாதியிலிருந்துதான் கேட்கும்: "...நல்லா இருக்கீங்களா?" அதுக்கு முன்னாடி என்ன சொன்னா என்று தம்பி கேட்பான். "உன் பேரு" என்பாள் அக்கா. "இல்ல, உன் பேரத்தான் சொல்லியிருப்பா" என்று அழுவான். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதே சண்டை.

காரணம் அற்பமானது. நாடாவின் இரண்டு முனையிலும் சில விநாடி ஓடும் அளவுக்குக் காந்தப் பூச்சே இல்லாத வெற்று நாடா இருக்கும். பொத்தானை அழுத்திய கையோடு பேசினால் முதல் சொற்கள் அதில் விழுந்து போய்விடும். பென்சிலைச் சக்கரத்துக்குள் விட்டு, பழுப்பு நாடா வெளியே தெரியும்வரை சுற்றிவிட்டுப் பேச வேண்டும். பென்சில் இல்லையா, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். யாரும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லவில்லை.

அப்புறம் அழிந்துபோன கேசட்டுகள். கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அந்த விளிம்பு மேலே வர, 'ஏ' பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடதுபக்கப் பல் 'ஏ'-வுக்கு, மற்றது 'பி'-க்கு. உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் இறங்காது. பலர் ஒன்றை மட்டும் உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 'ஏ' பக்கத்து அம்மா பிழைத்தாள், 'பி' பக்கத்து அப்பா மேல் தம்பி பாட்டுப் பாடிவிட்டான். 60 நிமிடக் கேசட்டே போதும், பக்கத்துக்கு 30. ஆசைப்பட்டு 120 வாங்கினால் நாடா மெலிசு, ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

எக்ஸ்சேஞ்ச்

கேசட்டையாவது திரும்பப் போட்டுக் கேட்கலாம். செயற்கைக்கோள் வழியாக வந்த போனை என்ன செய்வது?

அஞ்சு வயசுக் குழந்தை ரிசீவரைப் பிடித்து "அப்பா!" என்கிறது. பதில் இல்லை. மறுபடி "அப்பா!" அதே நேரம் அங்கிருந்து "கண்ணு!" வந்து மோதுகிறது. ரெண்டு பேரும் நிறுத்துகிறார்கள். ரெண்டு பேரும் காத்திருக்கிறார்கள். குழந்தை ரிசீவரை அண்ணனிடம் நீட்டிவிட்டு, "அப்பாவுக்கு என் மேல கோவம்" என்று உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் போனுக்கு வராது.

கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் மேலே ஏறிக் கீழே இறங்கக் கிட்டத்தட்ட கால் விநாடி, பதில் வர இன்னொரு கால். அரை விநாடி மௌனத்தைப் பெரியவர்களே "என்ன, பேசமாட்டேங்கறே?" என்று எடுத்துக்கொள்வார்கள், குழந்தை எம்மாத்திரம். ஒரு வாக்கியம் பேசி நிறுத்து, மனசுக்குள் "ஒண்ணு" சொல்லு, அப்புறம் கேளு. இவ்வளவுதான் வித்தை. 1988-ல் டிஏடி-8 என்ற கடலடி ஒளியிழைக் கம்பி அட்லாண்டிக்கைக் கடந்தது, அதிலிருந்து ஒளியிழை பரவியதும் இந்த இடைவெளி சுருங்கியது. இழையில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருவழி நேரம் விநாடியில் இருபதில் ஒரு பங்குதான்.

அலாரம்

போன் என்றதும் இது. ஞாயிறுதோறும் சாயங்காலம் குறித்த நேரத்தில் அம்மா கூப்பிடுவார். ஒரு அக்டோபர் ஞாயிறு வரவில்லை. அண்ணனும் தங்கையும் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். தங்கை கேட்ட ஒரே கேள்வி: "பிளேன் விழுந்திருக்குமா?" சரியாக ஒரு மணி நேரம் கழித்து மணி அடித்தது, அம்மா சிரித்துக்கொண்டே "கரெக்ட் டயத்துக்குக் கூப்பிட்டேனா?" என்கிறார். அவர் கடிகாரத்தில் கரெக்ட்தான்.

ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முள் ஒரு மணி முன்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் வரும். அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். முள் மாற்றாத நாட்டில் பிள்ளைகள் இருந்தால் இலையுதிர்காலத்தில் போன் ஒரு மணி தாமதம், வசந்தத்தில் ஒரு மணி முந்தி. முந்தி வருவதுதான் மோசம், யாருமில்லாத வீட்டில் அடித்து ஓய்ந்துவிடும். போன் நேரத்தைப் பிள்ளைகளின் கடிகாரப்படி முடிவு செய்யுங்கள். இடம் மாறுகிற பெரியவர் கணக்குப் போடட்டும். காத்திருக்கிற பிள்ளை போடக் கூடாது.

சாவிக்கொத்து

ஏற்பாடெல்லாம் பக்காவாகச் செய்த வீடு. மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம். ராத்திரி அண்ணன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்க, ஏழு வயசுத் தங்கை கதவுக்கு உள்ளே, அத்தை வெளியே. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. உள்பக்கம் துவாரத்திலேயே இன்னொரு சாவி மாட்டியிருந்தது. தங்கைக்கு அதைத் திருப்பவும் தெரியவில்லை, உருவவும் தெரியவில்லை. கதவிடுக்கு வழியாக அத்தை, "இடது கை எது சொல்லு பாப்பம்" என்று ஆரம்பித்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இருபக்கமும் சாவி போடுகிற சாதாரணப் பூட்டுச் சிலிண்டரில் ஒரு பக்கம் சாவி முழுதாக உள்ளே இருந்தால் மறுபக்கச் சாவி போகாது. மாற்றுச் சாவி கொடுத்தவர்களில் இதைச் சோதித்துப் பார்த்தவர் அபூர்வம். உள்ளே சாவியை மாட்டிவிட்டு வெளியே வந்து திறந்து பாருங்கள், முடியவில்லையென்றால் சாவியைத் துவாரத்தில் விடாதீர்கள். உள்தாழ்ப்பாள் தனி வில்லன். அது போட்டிருந்தால் எந்தச் சாவியும் உதவாது.

குறுக்குக் கேள்வி

சாவிக்கொத்து சார், சாவியை எடுத்து எங்கே வைக்கச் சொல்றீங்க? அலமாரியிலா? புகை சூழ்ந்தா பிள்ளை அலமாரியைத் தேடுமா? கதவிலிருந்து கை எட்டும் தூரத்தில், சின்னவளுக்கும் எட்டும் உயரத்தில் ஆணி. அதைவிட நல்லது உள்பக்கம் திருகுக் குமிழ் வைத்த சிலிண்டர். வெளியிலிருந்து சாவி எப்பவும் வேலை செய்யும், உள்ளே சாவியே வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. காஸ் வாடை வந்ததும் அக்கா பொறுப்பா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கை நீட்டினாள், தம்பி இருட்டுன்னு பயந்து லைட் சுவிட்சுக்குப் போனான். ரெண்டு கையும் சுவிட்சுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள். அந்த ஒரு விரல் தூரம்தான். எரியும் லைட்டை அணைப்பதும் ஆபத்தே, சுவிட்ச் ரெண்டு திசையிலும் பொறி தட்டும். வால்வை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே போ, வெளியே போன பிறகு போன் செய். சிலிண்டர் வாயு காற்றைவிட கனம், தரையோடு தங்கும், ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது, கதவைத் திறக்கணும். குழாயில் வரும் இயற்கை வாயு லேசு, மேலே ஏறும். உங்க வீட்டில் எதுன்னு பெரிய பிள்ளைக்குத் தெரியணும். ரெகுலேட்டரை மூடும் திசையை அம்புக்குறி போட்டு ஒட்டுங்க. ஒருமுறை கையால் செய்ய வைங்க. சொன்னது மறந்துபோகும், கை மறக்காது.

ஆறாம் வார்டு

காஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னது சரி. காய்ச்சல் என்று சாவிக்கொத்து ஒரு வரியில் தாண்டிவிட்டார். உறுத்துவது அங்கேதான்.

பதினாலு வயசு அக்கா, நாலு வயசுத் தம்பி, எடை 16 கிலோ. சீட்டில் அம்மா எழுதி வைத்தது: "காய்ச்சல் மருந்து 10 மில்லி." வீட்டில் ஒரே நிறத்தில் இரண்டு பாட்டில். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் பாராசிட்டமால், மற்றதில் 5 மில்லிக்கு 250. அக்கா அளவைச் சரியாகத்தான் ஊற்றினாள், ஆனால் 250 பாட்டிலிலிருந்து. "எழுதின மாதிரிதானே குடுத்தேன்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 16 கிலோவுக்கு 240. அது 120 பாட்டிலில் 10 மில்லி, 250 பாட்டிலில் 4.8 மில்லி. ஆகவே "இத்தனை மில்லி" என்று மட்டும் எழுதி வைப்பது எழுதாமல் இருப்பதைவிட ஆபத்து. ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வீட்டில் விடுங்கள், அளவை அந்தப் பாட்டில் மேலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தைச் சுவரில் எழுத வையுங்கள். இல்லையென்றால் அண்ணன் ஒருமுறை, அக்கா ஒருமுறை என்று அன்பு இரட்டிப்பாகிவிடும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரம் பார். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஐந்து வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கிற வீட்டில் பெரியது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூடவே ஒரு கையெழுத்திட்ட கடிதம்: பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பெற்றோர் இல்லாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லப் போகும் பெரியவர் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. அவசரமில்லாத தையலுக்குக்கூட மருத்துவமனையில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச்

அந்தக் கடிதத்தில் போன் நம்பரை எப்படி எழுதுகிறார்கள் என்பதும் பாருங்கள். பிரிட்டன் எண்ணில் +44-க்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யம் போட்டிருப்பார்கள். பிள்ளை அதையும் சேர்த்து அழுத்தும், போகாது. அந்தப் பூஜ்யம் உள்நாட்டுக்குள் கூப்பிட. இத்தாலி தரைவழி எண்ணில் பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தணுமோ அதை மட்டும், வேறு எந்தக் குறியும் இல்லாமல் எழுதி, கிளம்புமுன் பிள்ளை கையாலேயே ஒருமுறை அழுத்த வையுங்கள்.

பழைய நாடா

கேசட்டை இப்போது கணினிக்கு மாற்றலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: மாற்றலாம். உடனே பிளே போடாதீர்கள். முதலில் கடைசிவரை முன்னே ஓட்டி, பிறகு முழுதும் பின்னே ஓட்டுங்கள், இறுகிய நாடா தளரும். நடுவில் இருக்கும் சின்ன ஃபெல்ட் திண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். தொடக்கத்துச் சொற்கள் வராது, அவை நாடாவில் ஏறவே இல்லை. நாடாவைக் கையால் சுற்ற உருண்டைப் பென்சில் வழுக்கும், ஆறுபட்டைப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கும் ஆறு பல்தான்.